தோட்டத்துத் தாளமும் பியானோவும்



1924ஆம் ஆண்டு ஊவா மக்கள் மறவாத ஆண்டாகும். எல்லவையும் தெமோதரையையும் கடந்து மலையைச் சுற்றி இறங்கும் இருப்புப்பாதை அவ்வாண்டிலேதான் பதுளையைச் சென்றடைந்தது. அதே ஆண்டு பெப்ரவரி 12ஆம் நாள், நியூயோர்க்கின் ஏயோலியன் மண்டபத்தில், ஜோர்ஜ் கேர்ஷ்வின் என்னும் இருபத்தைந்து வயது இளைஞர் 'ரப்சடி இன் புளூ' என்ற தம் படைப்பைப் பியானோவில் முதன்முதலாக வாசித்தார். பொஸ்டனுக்குச் சென்ற புகைவண்டியின் கடகடவென்ற ஓசையிலேதான் அதன் அமைப்புத் தம் உள்ளத்தில் உருவாயிற்று என்று அவர் பின்னர் கூறினார். எல்லவிலிருந்து பதுளைக்கு ஒருமுறையேனும் புகைவண்டியில் சென்றவருக்கு இது வியப்பாகத் தோன்றாது.

அந்த இசையின் வேரோ தோட்டத்தில் இருந்தது. அமெரிக்கத் தென்பகுதிப் பருத்தித் தோட்டங்களில் அடிமைகளாய் உழன்ற ஆபிரிக்க மக்கள், எசமானர்களின் மிடுக்கான நடையைக் கேலி செய்து ஆடிய ஆட்டமே 'கேக்வாக்' என்பர். எசமானர்கள் அதனைக் கண்டு கைதட்டி மகிழ்ந்தனராம்! அவ்வாட்டத்தின் தாளத்தினின்று 'ராக்டைம்' என்னும் பியானோ இசை பிறந்தது. அடிமையாயிருந்து விடுதலை பெற்றவரின் மகனான ஸ்கொட் ஜொப்ளின், 1899இல் வெளியிட்ட 'மேப்பிள் லீஃப் ராக்' அதற்குப் புகழ் தேடித் தந்தது.

அதன் நுட்பம் நம்மவர்க்கு விளங்காததன்று. இடக்கை காலப்பிரமாணம் பிசகாமல் தாளத்தை நிறுத்துகிறது. வலக்கையோ அடி விழவேண்டிய இடத்தில் விழாமல், சற்று முன்னும் பின்னுமாகத் தள்ளி விழுகிறது. அரையிடம் தள்ளி எடுக்கும் கீர்த்தனத்தைக் கேட்டுப் பழகிய செவிக்கு இந்தச் சுவை புதிதாகாது.

பாரிஸ் நகரத்து மேதைகள் இதனை விரைவில் பற்றிக்கொண்டனர். 1908இல் வெளிவந்த டெபூசியின் 'குழந்தைகளின் மூலை' என்ற பியானோத் தொகுதி கேக்வாக்குடனேயே முடிகிறது. அதன் நடுவில் வாக்னரின் பெருங்காவிய இசையையும் அவர் சற்றே நையாண்டி செய்கிறார். ராவெல் 1928இல் அமெரிக்காவிற்குச் சென்று ஜாஸ் இசையை நேரிற் கேட்டார். 1932இல் அரங்கேறிய அவருடைய ஜி சுரப் பியானோ கொன்செர்ட்டோவின் முதற்பகுதியில் அந்தச் சாயல் தெளிவாக ஒலிக்கிறது. நடுப்பகுதியோ மோசார்ட்டின் அமைதியுடன் நடைபோடுகிறது. இவ்விரண்டும் ஒரே படைப்பில் பகையின்றி வாழ்வதே அதன் பெருமை.

ஆயினும், பேறு எல்லாருக்கும் சமமாகக் கிடைக்கவில்லை. ஜொப்ளின் தாம் இயற்றிய 'ட்ரீமனிஷா' என்னும் இசைநாடகம் முறையாக மேடையேறுவதைக் காணாமலே 1917இல் மனநோய் மருத்துவமனையில் மாண்டார். புலிட்சர் நிறுவனத்தின் சிறப்பு விருது அவருக்கு 1976இலேதான் அளிக்கப்பட்டது.

இலங்கையிலும் 1924 குறிப்பிடத்தக்க ஆண்டே. இலண்டனில் சட்டமும் பியானோவும் பயின்ற லயனல் வெண்ட் அவ்வாண்டு கொழும்புக்குத் திரும்பினார். ஐரோப்பாவின் புதிய இசையை இங்கே வாசித்துக் காட்டிய அவர், கண்டி நடனத்தின் அருமையையும் உணர்ந்து போற்றினார்; 1934இல் உருவான 'சோங் ஒஃப் சிலோன்' திரைப்படத்தில் ஒலிப்பதும் அவர் குரலே. கண்டிய முழவுக்கு இவ்வாறு ஒரு நண்பர் வாய்த்தார். தேயிலைத் தோட்டத்துத் தப்புக்கு, அந்த அளவு செல்வாக்குள்ள நண்பர் அன்று வாய்க்கவில்லை. தோட்ட மக்களின் பாடல்களைச் சேர்த்து வைத்த பெருமை கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையையே சாரும், அவர் அந்தத் தோட்டங்களிலேயே பிறந்தவர்.

தப்பின் ஓசை அதிகாலையில் லயத்து மக்களை எழுப்பிப் பெரட்டுக்கு அழைத்தது. அதே தப்பு திருமணத்திலும் இழவிலும் வேறுவேறு அடிகளில் பேசியது. ஊவாத் தோட்டங்களில் மாசி மாதத்துக் காமன்கூத்துக்கு முன், தோலை நெருப்பிற் காய்ச்சிப் பதமேற்றி, ஒருவர் அடியை நிறுத்த மற்றொருவர் அதனைத் தள்ளி வாசிப்பர்.