வட்டி எங்கே நின்றது

1930களின் மந்தத்தில் சென்னை மாகாணத்தில் நெல்விலை சரிந்தது. கடன் அப்படியே நின்றது. 1935இல் விவசாயக் கடனை ஆராய்ந்த சத்தியநாதன் அறிக்கை அதை ஏறத்தாழ 200 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. மறு ஆண்டே கடன் சமரசச் சட்டம் வந்தது. கடன் கொடுத்தவர், வாங்கியவர் என இரு தரப்பையும் ஒரு சமரச வாரியத்தின் முன் உட்காரவைத்துப் பேசவைப்பது அதன் வழி. நோக்கம் நல்லது, ஆனால் பேச்சு பேரமாவதற்கு இரு பக்கமும் பலம் வேண்டும். கடன் காலாவதியாகாமல் இருக்க மூன்றாண்டுக்கு ஒருமுறை புரோநோட்டை, அதாவது கடனுறுதிச் சீட்டைப் புதுப்பித்து, வட்டியை அசலோடு சேர்த்து எழுதிவைத்திருந்தவர் எதற்காக விட்டுக்கொடுப்பார்?

ராஜாஜி அமைச்சரவையின் 1938ஆம் ஆண்டு விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம்தான் அந்தப் பலத்தைத் தந்தது என்பேன். 1932 அக்டோபர் 1க்கு முந்தைய கடன்களில், 1937 அக்டோபர் 1 வரை நிலுவையிலிருந்த வட்டி முழுதும் தள்ளுபடி. அசலைப் போல் இரு மடங்கு செலுத்தியிருந்தால் கடனே தீர்ந்தது. எத்தனை முறை நோட்டு மாற்றி எழுதியிருந்தாலும் முதலில் கைமாறிய தொகையே அசல். சட்டத்தின் உயிர் இந்த விளக்கத்தில்தான் இருக்கிறது. ஒப்பந்தத்தின் புனிதம் கெட்டது, இனி யார் கடன் தருவார் என்று எதிர்ப்பு எழுந்தது. கடன் கிடைப்பது இறுகும் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் இரு மடங்கு வாங்கியவருக்கு என்ன நஷ்டம்? என் குறை வேறு: நிலத்தில் ஏதேனும் உரிமை உள்ளவரையே அச்சட்டம் விவசாயி என்றது. நிலமற்ற கூலியின் கடன் அதற்கு வெளியே நின்றது.