வட்டம்

நெய்வேலிக்காரரிடம் வீடு எங்கே என்று கேட்டால், பெரும்பாலும் வட்டத்தின் எண்ணைத்தான் முதலில் சொல்வார்: 'பதினாறாவது வட்டம்'. ஆங்கிலத்தில் 'பிளாக்' என்பதற்கு இங்கே நிலைத்த தமிழ் இது. நேர்ச்சாலைகள் வகுத்த கட்டங்களுக்கு வட்டம் என்ற பெயர் பொருந்துமா? பொருந்தும். வளைவான வடிவத்தைக் குறித்த சொல், எல்லை கட்டிய நிலப்பகுதியையும் குறிக்கலாயிற்று. வட்டாரம், வட்டாட்சியர் எல்லாம் அந்த வழியில் வந்தவை. நெய்வேலியே வருவாய்த்துறைக் கணக்கில் குறிஞ்சிப்பாடி வட்டத்துக்குள் இருக்கிறது.

சென்னைப் பல்கலைக்கழக அகராதி இச்சொல்லை வடமொழி 'விருத்த'த்தோடு சேர்க்கும். வளைதலைக் குறிக்கும் 'வள்' என்ற வேரே மூலம் என்பது மொழியறிஞர் பாவாணர் வழி. எனக்குப் பின்னதில்தான் மனம் செல்கிறது.

சொல்லிலிருந்து அது குறிக்கும் இடத்துக்கு வருவோம். சமூகம் தனக்கான வெளியைத் தானே உருவாக்குகிறது என்று 1974இல் பிரெஞ்சு மெய்யியலாளர் ஆன்ரி லெஃபெவ்ர் எழுதினார். அப்படி உருவான வெளி மனிதர்களைத் திரும்ப வகுக்கவும் செய்யும் என்பது மானுடப் புவியியலின் வாதம். நெய்வேலியில் அது கண்கூடு. 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியபின் எழுந்த நகரியத்தில் குடியிருப்பு பதவியைப் பொறுத்தது. ஆகவே முகவரியே ஒருவரின் பணிநிலையைக் காட்டிவிடும். நிரந்தரப் பணி இல்லாத ஒப்பந்தத் தொழிலாளருக்கோ அந்தக் குடியிருப்பு எளிதில் எட்டாது. இந்த வட்டங்களும் சுரங்கங்களும் அமைய நிலம் தந்த ஊர்களை எந்த வட்ட எண்ணும் சொல்வதில்லை. அத்தகைய ஊர்களில் ஒன்றான வளையமாதேவியில், 2023 ஜூலையில் விளைந்து நின்ற நெல்வயலுக்குள் சுரங்கத்துக்கான கால்வாய் வெட்ட நிறுவனத்தின் இயந்திரங்கள் இறங்கின.