ஐபோன் 15 வாங்கலாமா, கேலக்ஸி எஸ்24 வாங்கலாமா? தினசரி பயன்பாட்டில் எது கைகொடுக்கும்?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் எந்த மொபைல் கடைக்குப் போனாலும் கேட்கும் கேள்வி இது. ஐபோன் 15, 2023 செப்டம்பரில் 79,900 ரூபாய்க்கும், சாம்சங் கேலக்ஸி எஸ்24, 2024 ஜனவரியில் 79,999 ரூபாய்க்கும் இந்தியாவில் அறிமுகமாயின. அடுத்தடுத்த மாடல்கள் வந்துவிட்டதால் இரண்டின் விலையும் இறங்கிவிட்டது. செகண்ட் ஹேண்டிலும், இ.எம்.ஐ.யிலும் இந்த போன்களைத் தேடுபவர்கள் அதிகம். மாதச் சம்பளத்தில் பெரிய பகுதியைக் கொடுத்து வாங்கும் போன் என்பதால், விளம்பரத்தைத் தாண்டி சில விஷயங்களைப் பார்த்துவிடலாம்.

பக்கத்துல தயாராகுது, விலை குறையுமா?

பூந்தமல்லியைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூர் அருகே உள்ள ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் தயாராகின்றன. ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங்குக்கும் ஆலை உண்டு. ஆனால் அங்கே தயாராவது டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் போன்றவை. சாம்சங் போன்கள் நொய்டா ஆலையில் தயாராகின்றன. ஆலை பக்கத்தில் இருப்பதால் நமக்கு விலை குறையாது. ஐபோனின் விலை நாடு முழுவதும் ஒன்றுதான்.

வேகம் எப்படி?

ஐபோன் 15-ல் ஏ16 பயோனிக் சிப், 6 ஜிபி ரேம். எஸ்24-ல் இந்தியாவில் அறிமுகமானபோது எக்ஸினோஸ் 2400 சிப், 8 ஜிபி ரேம். ஒரே நேரத்தில் ஒரு வேலை என்றால் ஏ16 முந்தும். வாட்ஸ்அப், யுபிஐ, யூடியூப், மேப் போன்ற வேலைகளில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் திரையில்தான். எஸ்24 திரை நொடிக்கு 120 முறை புதுப்பிக்கப்படும். ஐபோன் 15-ல் அது 60 முறைதான். ஸ்க்ரோல் செய்யும்போது எஸ்24 வழுக்கிக்கொண்டு போவது போல இருக்கும். வெயிலில் நின்று க்யூஆர் கோடு ஸ்கேன் செய்யும்போதும் 2,600 நிட்ஸ் வரை வெளிச்சம் தரும் எஸ்24 சற்று தெளிவாகத் தெரியும். ஐபோன் 15-ல் அதிகபட்சம் 2,000 நிட்ஸ்.

சென்னை வெயிலைத் தாங்குமா?

இரண்டு நிறுவனங்களுமே போனைப் பயன்படுத்த 0 முதல் 35 டிகிரி வரையிலான வெப்பநிலையைத்தான் பரிந்துரைக்கின்றன. மே மாதத்தில் நம்ம ஊர் வெயில் 40 டிகிரியைத் தொடும். அந்த நேரத்தில் பைக்கில் மாட்டி, மேப் ஓடவிட்டு, சார்ஜும் போட்டால் எந்த போனாக இருந்தாலும் சூடாகும். போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வெளிச்சத்தையும் வேகத்தையும் குறைக்கும், சார்ஜ் ஏறுவதையும் நிறுத்தும்.

டெலிவரி வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதிக சக்தி கொண்ட பைக் எஞ்சினின் அதிர்வு ஐபோன் கேமராவைப் பாதிக்கலாம் என்று ஆப்பிளே 2021-ல் எச்சரித்தது. ஸ்கூட்டராக இருந்தாலும் அதிர்வைக் குறைக்கும் ஹோல்டர் போடுவது நல்லது.

பேட்டரி, சார்ஜ்

எஸ்24-ல் 4,000 எம்.ஏ.எச். பேட்டரி, 25 வாட் சார்ஜிங். ஐபோன் 15-ல் பேட்டரி சிறியது, சுமார் 3,350 எம்.ஏ.எச்.தான். இரண்டிலும் அரை மணி நேரத்தில் பாதி சார்ஜ் ஏறும் என்கின்றன நிறுவனங்கள். பெட்டியில் சார்ஜர் வராது, தனியாகத்தான் வாங்க வேண்டும். இரண்டுமே டைப்-சி என்பதால் வீட்டில் உள்ள கேபிளே போதும்.

சிம், கால், தமிழ்

கடைக்கு ஒரு நம்பர், வீட்டுக்கு ஒரு நம்பர் வைத்திருப்பவர்களுக்கு எஸ்24 வசதி. அதில் இரண்டு சிம் கார்டு போடலாம். ஐபோன் 15-ல் ஒரு சிம் கார்டுதான், இன்னொன்று இ-சிம். மெமரி கார்டு இரண்டிலும் போட முடியாது.

எஸ்24-ல் பேசப்பட்ட நேரடி அழைப்பு மொழிபெயர்ப்பு வசதி அறிமுகமானபோது இந்திய மொழிகளில் இந்தி மட்டுமே இருந்தது, தமிழ் இல்லை. ஐபோன் 15-ல் ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் கிடையாது, அது 15 ப்ரோ மாடல்களில்தான் தொடங்குகிறது.

எத்தனை வருஷம் ஓடும்?

எஸ்24-க்கு 7 ஆண்டுகள் அப்டேட் தருவதாக சாம்சங் அறிவித்துள்ளது. அதாவது 2031 வரை. ஆப்பிளும் பழைய ஐபோன்களுக்குப் பல ஆண்டுகள் அப்டேட் தருவது வழக்கம். மறுபடி விற்கும்போது நல்ல விலை கிடைப்பது பெரும்பாலும் ஐபோனுக்குத்தான்.

செகண்ட் ஹேண்டில் வாங்குகிறீர்களா?

* *#06# டயல் செய்து ஐ.எம்.இ.ஐ. எண்ணை எடுத்து, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபாருங்கள். திருட்டு போன் என்று புகார் இருந்தால் பிளாக் ஆகிவிடும், கொடுத்த பணமும் போய்விடும்.
* ஐபோன் 15-ல் செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குப் போனால் எத்தனை முறை சார்ஜ் ஆகியுள்ளது என்று தெரியும். ஆயிரத்தை நெருங்கினால் பேட்டரி மாற்றும் செலவையும் கணக்கில் சேருங்கள்.
* பழைய உரிமையாளரின் ஆப்பிள் அல்லது கூகுள், சாம்சங் கணக்கு நீக்கப்பட்டதா என்று உங்கள் கண் முன்னாலேயே பாருங்கள்.
* இரண்டுக்கும் ஐ.பி.68 தரச்சான்று உண்டு. ஆனால் தண்ணீர் புகுந்து பழுதானால் ஐபோனுக்கு வாரன்டி கிடைக்காது. மழையில் நம்பி எடுக்க வேண்டாம்.

அப்போ எது?

இரண்டு சிம், வெயிலில் தெளிவான திரை, நீண்ட கால அப்டேட் வேண்டும் என்றால் எஸ்24. வீடியோ அதிகம் எடுப்பவர்கள், இரண்டு மூன்று வருடத்தில் விற்று மாற்றுபவர்கள் ஐபோன் 15 பக்கம் போகலாம். இ.எம்.ஐ.யில் வாங்கினால் வட்டி, பிராசஸிங் கட்டணம் எல்லாம் சேர்த்து மொத்தத் தொகையைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.