வாரன் ஃபீல்ட் குழிகள்

ஸ்காட்லாந்தின் அபர்டீன்ஷயரில், டீ ஆற்றின் வடகரையில், கிராத்தெஸ் கோட்டையைச் சேர்ந்த விளைநிலம் வாரன் ஃபீல்ட். அதன் அடியில் புதைந்து கிடந்த 12 குழிகளும், எரிந்துபோன ஒரு மர மண்டபத்தின் தடமும் 2004 முதல் 2006 வரை அகழ்ந்து ஆராயப்பட்டன. குழிகளில் மிகப் பழையவை கி.மு. 8000-ஐ ஒட்டித் தோண்டப்பட்டவை. வேட்டையும் காய்கனியுமே வாழ்வாக இருந்த இடைக்கற்காலம் அது. மண்டபம் அதற்கு நாலாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு அங்கே பயிர்செய்ய வந்த புதிய கற்கால மக்களுடையது. நிலத்தின் மேல் இவை எதற்கும் ஒரு மேடோ கல்லோ அடையாளம் இல்லை.

பயிர் காட்டிய தடம்

1976 கோடையில் பிரிட்டன் கடும் வறட்சி கண்டது. அந்த ஆண்டு வானிலிருந்து எடுத்த படங்களில்தான் வாரன் ஃபீல்ட் முதலில் தெரிந்தது. ஒரு காலத்தில் வெட்டிய குழி, பின்னால் தூர்ந்து நிறையும்போது மக்கு கலந்த மண்ணால் நிறைகிறது. அந்த மண் ஈரத்தை நெடுநாள் பிடித்துவைக்கும். சுற்றிலும் பார்லி வாடி மஞ்சளாகும்போது குழியின் மேல் நிற்கும் பயிர் மட்டும் பச்சை மாறாமல் உயர்ந்து நிற்கும். பழைய எருக்குழியை மூடிய இடத்தில் கதிர் கருகருவென்று வருவதைப் பார்த்த உழவருக்கு இது புதிய செய்தியல்ல. இவ்வாறு தெரியும் கோலத்தைப் பயிர்க்குறி என்பர்.

பயிர்க்குறி வடிவத்தைச் சொல்லும், காலத்தைச் சொல்லாது. பிரிட்டனில் வரிசையாக அமைந்த குழிகள் பெரும்பாலும் வெண்கலக் காலத்தின் பிற்பகுதியிலோ இரும்புக் காலத்திலோ நில எல்லையாக வெட்டப்பட்டவை. வடிவத்தை மட்டும் நம்பியிருந்தால் வாரன் ஃபீல்ட் குழிகளும் அந்தக் கணக்கிலேயே போயிருக்கும்.

பால்பிரிடி தந்த பாடம்

அப்படித் தவறாகக் கணித்த முன்னனுபவம் ஆற்றின் எதிர்க்கரையிலேயே இருந்தது. அதே 1976-இல் பால்பிரிடி என்ற இடத்தின் வயலில் பெரிய மண்டபம் ஒன்றின் கோலம் படத்தில் விழுந்தது. ஈஸ்ட் லோதியனில் உள்ள டூன் ஹில்லில் தொல்லியலாளர் பிரையன் ஹோப்-டெய்லர் முன்பு அகழ்ந்த மர மண்டபத்தைப் போலவே இது இருந்தது. அந்த மண்டபம் கி.பி. 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததென்று அப்போது கருதப்பட்டதால், பால்பிரிடியும் ஏறக்குறைய அக்காலத்ததே என்று எதிர்பார்த்துத்தான் 1977-இல் அகழாய்வு தொடங்கியது. கரித்துண்டுகளைக் கரிமக் காலக்கணிப்புக்கு அனுப்பியபோது வந்த விடை கி.மு. 3900-க்கும் 3700-க்கும் இடைப்பட்டது. நாலாயிரம் ஆண்டுகளுக்கும் மேலான பிழை! கூடவே கருகிய எம்மர் கோதுமை மணிகளும் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. டூன் ஹில்லின் அந்த மண்டபமும் புதிய கற்காலத்ததே என்று பின்னர் தெரியவந்தது. ஒன்றைப் பார்த்து மற்றொன்றின் காலத்தை ஊகிக்கும்போது, முதற்கணக்கு தவறினால் அதைச் சார்ந்த எல்லாமே தவறும்.

ஒரு குழியை அகழும் முறை

முதலில் பல்லில்லாத வாளி பொருத்திய இயந்திரத்தால் உழவு மண்ணை மட்டும் வழித்தெடுப்பார்கள். கீழே இயற்கை மண் வெளிர்நிறத்தில் தெரியும்; அதில் குழி ஒரு கரிய வட்டமாகப் படிந்திருக்கும். கொத்துக் கரண்டியால் மேற்பரப்பைச் சீவிச் சுத்தம் செய்ததும் விளிம்பு துலங்கும். பிறகு வட்டத்தின் பாதியை மட்டும் வெட்டி எடுப்பார்கள். மீதிப் பாதி சுவர்போல் நிற்கும். அந்தச் சுவரில்தான் குழியின் வரலாறு வரிவரியாக இருக்கிறது: விளிம்பிலிருந்து சரிந்த சரளை, மழையில் படிந்த வண்டல், மேலே மெல்லிய கரிப்படலம். ஒரு வரியை இன்னொன்று குறுக்கே வெட்டிச் சென்றால், தூர்ந்த குழியை யாரோ மறுபடி தோண்டியிருக்கிறார்கள் என்று பொருள். வாரன் ஃபீல்டில் இப்படித் திரும்பத் திரும்ப வெட்டிய தடங்கள் கிடைத்தன.

எடுத்த மண்ணை நீரில் கரைத்தால் கரியும் விதையும் மிதந்து வரும். வடகிழக்கு ஸ்காட்லாந்தின் அமில மண்ணில் எலும்பு பெரும்பாலும் கரைந்துபோகும். அதனால் காலம் சொல்லக் கரியே துணை. அதிலும் எச்சரிக்கை வேண்டும். முந்நூறு ஆண்டு நின்ற ஓக் மரத்தின் நடுத்தண்டிலிருந்து வந்த கரி, நெருப்பு மூட்டிய நாளைவிட முந்நூறு ஆண்டு பழைய தேதியைக் காட்டக்கூடும். ஒரே பருவத்தில் விளைந்த தானியமணி, ஹேசல் கொட்டையின் ஓடு, சிறு சுள்ளி ஆகியவை நம்பகமானவை. மண்புழுவும் வேரும் கலப்பையும் மேலுள்ள துணுக்கைக் கீழே கொண்டுபோய்விடும் என்பதால், ஒற்றைத் துணுக்கை நம்பி ஒரு குழிக்குக் காலம் குறிப்பது முறையல்ல. தக்க கரியோ பானையோடோ கிடைக்காதபோது ‘காலம் அறியப்படாதது’ என்று எழுதிவைப்பதே நேர்மை. அதைத் தோல்வி என்று எண்ணுவது தவறு. பொய்த்தேதி ஒன்று பிறரை வழிதவற வைப்பதைப் பால்பிரிடி காட்டிவிட்டது.

நிலவு நாட்காட்டி விவாதம்

சுமார் 50 மீட்டர் நீளத்துக்கு வில்போல் வளைந்து கிடக்கும் 12 குழிகளும் ஆண்டின் நிலவு மாதங்களைக் குறிப்பவை என்று 2013-இல் தொல்லியலாளர் வின்சென்ட் காஃப்னியும் குழுவினரும் எழுதினர். குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகலில் சூரியன் எழும் மலை இடைவெளியை நோக்கி அவை அமைந்திருப்பதால், ஆண்டுதோறும் கணக்கைச் சரிசெய்துகொள்ள முடிந்தது என்பது அவர்களின் வாதம். உலகின் மிகப் பழைய நாட்காட்டி என்ற பெயர் இதனால்தான் பரவியது. ஆய்வாளர் எல்லோரும் இதை ஏற்கவில்லை. குழிகளின் தேதிகள் பரந்து கிடக்கின்றன. பன்னிரண்டும் ஒரே சமயத்தில் திறந்திருந்தன என்று காட்டினாலொழிய அவற்றை மாதங்களாக எண்ணுவதற்கு வலுவில்லை. கருத்து கவர்ச்சியானதுதான், ஆனால் உறுதியான செய்தி என்பது குழிகளின் பழமையே.

மண்டபத்தைக் கட்டியவர்கள் வந்த காலத்தில் பழைய குழிகள் முழுதும் தூர்ந்துவிடவில்லை. சில குழிகளின் மேலடுக்கில் அக்காலத்தை ஒட்டிய தேதிகள் கிடைத்துள்ளன.