விரற்கடை முதல் விண்கோள் வரை

அச்சரப்பாக்கம் என்னும் ஊர்ப்பெயருக்குச் சைவப் பெருமக்கள் ஒரு தலவரலாறு கூறுவர். சிவபெருமான் ஏறிச் சென்ற தேரின் அச்சு இற்ற இடமாதலின் அச்சிறுபாக்கம் என்றாயிற்று என்பது அது. வடமொழியில் அச்சுக்கு அட்சம் என்று பெயர். பூமியும் ஓர் அச்சைப் பற்றியே சுழல்கிறது. அவ்வச்சைக் கொண்டு, ஓரிடம் நிலநடுக்கோட்டிலிருந்து எவ்வளவு வடக்கே அல்லது தெற்கே உள்ளதெனக் கணிப்பதையே அட்சாம்சம் என்றும் அட்சரேகை என்றும் வழங்குகிறோம். ஊர்ப்பெயர்க்கும் கணக்கிற்கும் உள்ள இப்பொருத்தம் தற்செயலானதே. ஆயினும் நாம் எழுதப் புகுந்த பொருளுக்கு இவ்வூரினும் ஏற்ற தொடக்கம் நமக்குத் தோன்றவில்லை.

அச்சரப்பாக்கத்திலிருந்து கிழக்கே செய்யூர் வழியாகச் சென்றால் ஓதியூர்க் கழியை அடையலாம். கடலுக்கும் நிலத்துக்கும் நடுவே உப்பும் நன்னீரும் கலந்து கிடக்கும் நீர்ப்பரப்பு அது. சென்னைக்குத் தெற்கே மரக்காணம் வரை வெட்டப்பட்ட பக்கிங்காம் கால்வாய் இக்கழியை ஊடுருவியே செல்கிறது. ஒரு காலத்தில் உப்பும் விறகும் ஏற்றிய தோணிகள் சென்ற நீர்வழி அது. கழியின் தென்கோடியில் கடப்பாக்கத்தை ஒட்டி ஆலம்பரைக் கோட்டையின் இடிபாடுகள் நிற்கின்றன. ஆர்க்காட்டு நவாபுகளின் ஆட்சியில் நாணயச்சாலையோடு விளங்கிய அத்துறைமுகம் 1750 இல் பிரெஞ்சுக்காரரிடம் சென்றது. 1760 இல் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றித் தகர்த்தனர். கப்பல்கள் வந்து நின்ற துறையில் இப்போது நண்டு பிடிக்கும் படகுகளைக் காண்கிறோம்.

துபாயிலிருந்து விடுப்பில் வந்த நம் மருமகப்பிள்ளை ஒருவர், ஜி.பி.எஸ். எனப்படும் கைக்கடக்கமான இடங்காட்டி ஒன்றை வாங்கி வந்திருந்தார். பறவை பார்ப்பதில் நாட்டமுடையவர். மார்கழி மாதத்து மாலை ஒன்றில், மீனவர் ஒருவரின் படகை அமர்த்திக்கொண்டு இருவருமாகக் கழிக்குள் சென்றோம். புறப்பட்ட துறையை மட்டும் கருவியில் குறித்துக்கொண்டு, மின்கலம் வீணாகாதிருக்கட்டும் என்று அதனை அணைத்துவிட்டோம். அது நாம் செய்த முதற்பிழை. திரும்பும் வேளை இருட்டத் தொடங்கிற்று. கருவியை உயிர்ப்பித்ததும் அதன் அம்பு துறையை நோக்கி நேர்க்கோடாகக் காட்டியது.

"பாய், அந்தப் பெட்டி காட்டுற பக்கம் போனா சேத்துல சொருகிக்குவோம். சுத்திக்கிட்டுதான் போவணும்" என்றார் படகுக்காரர்.

"விண்கோள்லேருந்து வர்ற கணக்கு மாமு, தப்பாது" என்றார் நம் மருமகப்பிள்ளை.

நாம் இளையவர் பக்கம் நின்றோம். அது இரண்டாம் பிழை. அரை ஃபர்லாங்கு தொலைவு செல்வதற்குள் படகு சேற்றில் இறுகிவிட்டது. மூவரும் இறங்கி முழங்காலளவு சேற்றில் நின்று தள்ளினோம். மஃரிப் வேளை நம் கண்ணெதிரே கழிந்துகொண்டிருந்தது. இறுதியில் படகுக்காரர் கரையிலிருந்த இரட்டைப் பனையையும் அதன் பின்னே தெரிந்த ஒரு கோபுர விளக்கையும் ஒரே கோட்டில் நிறுத்திப் பார்த்து, கோலூன்றி, ஆழமான ஓடை வழியே கரை சேர்த்தார்.

கருவி பொய் சொன்னதா? இல்லை. துறை எத்திசையில் எவ்வளவு தொலைவில் உள்ளது என்று அதனைக் கேட்டோம். அது சரியாகவே விடை கூறிற்று. இடையில் நீர் எவ்வளவு ஆழம் என்பது அதற்குத் தெரியாது, நாமும் கேட்கவில்லை. சேறு காயாத காலோடு வீடு திரும்பிய அவ்விரவில்தான், கடலையே முற்றமாகக் கொண்டிருந்த நம் முன்னோர் எதைக் கொண்டு வழி கண்டனர் என்னும் வினா நம்மைப் பற்றிக்கொண்டது.

விடையின் ஒரு பகுதி நம் நாவிலேயே இருக்கிறது. கப்பல் செலுத்துவோனை மாலுமி என்கிறோம். கற்பிப்பவர் என்னும் பொருளுடைய முஅல்லிம் என்ற அரபுச் சொல்லே அது என்பர் அறிஞர். நம் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதக் கற்பிப்பவரையும், கப்பலுக்கு வழி காட்டுபவரையும் ஒரே சொல்லால் அழைத்த காலம் ஒன்றிருந்தது. சுக்கான் என்பதும் அரபு வழி வந்ததே. மலேயாவிலும் சிங்கப்பூரிலும் நம்மவரைச் சூலியா என்று அழைத்தனர். சோழமண்டலத்தார் என்பதன் திரிபு அது எனக் கருதுவோர் பலர். சிங்கப்பூரில் 1826 இல் அவர்கள் நிறுவிய பள்ளிவாசல் இன்றும் சூலியாப் பள்ளி என்றே வழங்குகிறது.

இம்மாலுமிகளின் கருவி ஒரு சிறிய மரப்பலகை. அரபியர் அதனைக் கமால் என்றனர். தமிழில் இராப்பலகை என்று பெயர். நாற்கோணப் பலகையின் நடுவே துளையிட்டு ஒரு கயிற்றைக் கோத்திருப்பார்கள். கயிற்றில் முடிச்சுகள் இருக்கும். முடிச்சொன்றைப் பல்லில் கடித்துக் கயிற்றை விறைப்பாக நீட்டி, பலகையின் கீழ்விளிம்பு தொடுவானத்தைத் தொடுமாறு பிடிக்க வேண்டும். மேல்விளிம்பில் துருவமீன் வந்து நின்றால், அம்முடிச்சுக்குரிய துறைமுகத்தின் நேர்க்கோட்டில் கப்பல் இருக்கிறதென்று பொருள். பிறகு கிழக்கோ மேற்கோ அக்கோட்டிலேயே ஓட்டினால் துறை வந்து சேரும். தெற்கே செல்லச் செல்லத் துருவமீன் தாழும். எனவே நாகப்பட்டினத்து முடிச்சு பலகைக்குத் தொலைவிலும், சென்னைக்குரிய முடிச்சு பலகைக்கு அருகிலும் அமையும். விண்மீனின் உயரத்தை அரபியர் இஸ்பஃ, அதாவது விரல், என்ற அளவால் கணக்கிட்டனர். ஒரு விரல் நம் கணக்கில் ஒன்றரைப் பாகைக்குச் சற்று மிகுதி. விரற்கடை என்னும் அளவை நன்கறிந்த தமிழனுக்கு இதில் புதுமை ஏதுமிருந்திராது.

இது கட்டுக்கதையன்று. 1836 இல் ஜேம்ஸ் பிரின்செப், கப்பலோடிகளிடம் கேட்டறிந்து இக்கருவியை வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் விளக்கி எழுதினார். 1850 இல் காங்கிரீவ் என்னும் ஆங்கிலேயர் சோழமண்டலக் கரை மாலுமிகள் கையாண்ட உபாயங்களைச் சென்னையிலிருந்து வெளிவந்த ஆய்விதழொன்றில் பதிவு செய்தார். முடிச்சிட்ட கயிறும் பலகையும் அதில் இடம்பெற்றன. நீராவிக் கப்பல்கள் புகையெழுப்பி வந்துகொண்டிருந்த அந்நாளிலும் நம் கரையில் பலகை பயன்பட்டு வந்தது என்பது இதனால் விளங்கும்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். 1498 இல் வாஸ்கோ ட காமாவுக்கு மாலிந்தியிலிருந்து கள்ளிக்கோட்டைக்கு வழி காட்டியவர், மாபெரும் கடல்நூல் வல்லுநர் இப்னு மாஜித் என்று நம் மேடைகளில் பெருமிதத்தோடும் சிலவேளை வருத்தத்தோடும் சொல்லப்படுவதுண்டு. அது சரியன்று. பல்லாண்டுகளுக்குப் பின் மக்காவில் நஹ்ரவாலி எழுதிய வரலாற்றிலிருந்து பிறந்த செய்தி அது. போர்த்துகீசியக் குறிப்புகளோ அவ்வழிகாட்டியைக் குஜராத்தி என்கின்றன. 1490 ஐ ஒட்டி இப்னு மாஜித் இயற்றிய கிதாபுல் ஃபவாயித் ஒன்றே அவருடைய புகழுக்குப் போதும். இல்லாத பெருமையை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

இராப்பலகைக்கும் குறைகள் இருந்தன. கால் பாகை பிழைத்தால் ஏறத்தாழ 28 கிலோமீட்டர் விலகிப்போகும். வானமும் தொடுவானமும் சேர்ந்து தெரியும் அந்தி, நிலவு நேரங்களில்தான் பார்க்க இயலும். வடக்கு தெற்கை அளக்குமேயன்றிக் கிழக்கு மேற்கை அளக்காது. தீர்க்கரேகை காண நுட்பமான கடிகாரம் வேண்டும். ஐரோப்பியர் அதனைப் பதினெட்டாம் நூற்றாண்டில்தான் செய்து முடித்தனர்.

பூமியை அளக்கும் முயற்சியும் நம் வாயிற்படி வரை வந்தது. அல்பீரூனி தம் காலத்தில் பஞ்சாபின் நந்தனாக் கோட்டைக் குன்றிலிருந்து தொடுவானத்தின் தாழ்வைக் கண்டு பூமியின் அளவைக் கணித்தார். எட்டு நூற்றாண்டுகள் கழித்து, 1802 இல், வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலையை அடுத்து அடிக்கோடு அளந்து பெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். அரை டன் எடையுள்ள அவருடைய கோணமானி வரும் வழியில் பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கி மொரீசியசுக்குப் போய், அவர்களாலேயே பெருந்தன்மையோடு திருப்பி அனுப்பப்பட்டது. அவர் முதலில் அளந்தது சோழமண்டலக் கரையோரத்து வடக்குத் தெற்குக் கோடு. அச்சரப்பாக்கத்துக்கு வடக்கே, மதுராந்தகத்தை அடுத்த கருங்குழியும் அவர் கருவி நிறுத்திய இடங்களுள் ஒன்று. தம் ஆய்வுரைக்கு அவர் இட்ட தலைப்பிலேயே 12 பாகை 32 கலை என்னும் அட்சரேகையில் ஒரு பாகையின் நீளம் என்று காணப்படுகிறது. கருங்குழியை ஒட்டிச் செல்லும் கோடுதான் அது! உலகின் வடிவத்தைக் கணிக்க நம் பக்கத்து ஊரின் மண் பயன்பட்டதை எத்தனை பேர் அறிவோம்?

இச்செய்தி பழங்கதையாக முடிந்துவிடவில்லை. லாம்டனுக்குப் பின் வந்த எவரெஸ்ட், இவ்வளவைகளைக் கொண்டு 1830 இல் பூமிக்கு ஓர் உருவளவு வகுத்தார். இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடங்கள் அதன்மேல் அமைந்தவை. இடங்காட்டிக் கருவியோ டபிள்யூ.ஜி.எஸ். 84 என்னும் வேறோர் உருவளவைக் கொண்டது. பழைய வரைபடத்தில் பார்த்த எண்களை அப்படியே கருவியில் இட்டால், நம் பகுதியில் இருநூறு மீட்டர் அளவுக்கு இடம் மாறிப்போகும். அகன்ற கடலில் அது பெரிதன்று. இருபது மீட்டர் அகல ஓடையில் அது படகைச் சேற்றில் ஏற்றிவிடும். கருவியின் அமைப்புப் பகுதியில் இவ்வுருவளவை மாற்றிக்கொள்ள இடமுண்டு. 2005 ஆம் ஆண்டின் வரைபடக் கொள்கைக்குப் பின் பொதுமக்களுக்கென வந்த வரைபடங்கள் புதிய அளவிலேயே உள்ளன.

விண்கோள் முறையின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். அமெரிக்கப் படையினர்க்காக முதல் விண்கோள் 1978 இல் ஏவப்பட்டது. 1983 செப்டம்பரில் வழி தவறிய தென்கொரிய விமானத்தைச் சோவியத்துப் படை வீழ்த்தி 269 பேர் மாண்ட பிறகு, இவ்வசதி பொதுமக்களுக்கும் கிட்டும் என அதிபர் ரீகன் அரசு அறிவித்தது. 1995 இல் முறை முழுமை பெற்றது. ஆயினும் பொதுமக்களுக்கு வேண்டுமென்றே நூறு மீட்டர் வரை பிழை கலந்தே கொடுத்தனர். 2000 மே மாதம்தான் அது நீக்கப்பட்டது. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஒவ்வொரு விண்கோளும் தன் இருப்பையும் நேரத்தையும் ஒலிபரப்புகிறது. நான்கு விண்கோள்களின் குறியலைகள் வந்து சேர்ந்த நேர வேறுபாட்டைக் கொண்டு கருவி தன் இடத்தைக் கணிக்கிறது. நேரத்தில் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தால் தொலைவில் 300 மீட்டர் பிழைக்கும். ஆகவே இதுவும் அடிப்படையில் கடிகாரமே. நம் நாட்டு நாவிக் முறைக்காக 2013 முதல் ஏவப்பட்ட விண்கோள்களில் சிலவற்றின் அணுக்கடிகாரங்கள் பழுதுற்றபோது, அவ்விண்கோள்கள் வானில் இருந்தும் இடங்காட்டப் பயன்படாமற் போயின.

கழியில் செல்வோர் எத்தகைய கருவியை வாங்கலாம் என்று நம் மருமகப்பிள்ளையின் நண்பர்களும் கேட்டனர். பெரிய திரையும் வண்ணப் படங்களும் கண்டு மயங்க வேண்டா. நீர்க்காப்பே முதன்மை; ஐ.பி.எக்ஸ். 7 என்னும் தரமுடையது ஒரு மீட்டர் ஆழத்து நீரில் அரைமணி நேரம் தாங்கும். ஆயினும் நீரில் மிதக்கும் என்று அதற்குப் பொருளன்று. கயிறு கட்டிக் கழுத்திலோ படகிலோ பிணைத்துக்கொள்ள வேண்டும். ஈரக்கையும் சேற்றுக்கையுமாக இருக்கும்போது தொடுதிரை சொன்னபடி கேளாது. பொத்தான் உள்ளதே நன்று. கடையில் கிடைக்கும் சாதாரண மின்கலத்தில் இயங்குவதாயின், மாற்றுக் கலங்களை உடன் கொண்டுசெல்லலாம். வெளிநாட்டிலிருந்து வாங்கி வருவோர்க்கு ஓர் எச்சரிக்கை: விண்கோள் வழியே செய்தி அனுப்பும் வசதியுள்ள கருவிகளை உரிய அனுமதியின்றி இந்தியாவுக்குள் கொண்டுவருவது சட்டப்படி குற்றம். வானிலிருந்து வருவதைப் பெறுவதோடு நிற்கும் கருவியையே வாங்குக.

பயன்படுத்துவதில் நாம் பட்டறிந்தவை இவை. துறையில் நிற்கும்போதே கருவியை இயக்கி, திரும்பும் வரை அணைக்காமல் வைத்திருந்தால், சென்ற வழி முழுவதும் அதில் கோடாகப் பதியும். திரும்பும்போது அம்பை விட்டுவிட்டு அக்கோட்டைப் பின்பற்ற வேண்டும். போகும்போது மிதந்த இடத்தில் வரும்போதும் பெரும்பாலும் மிதக்கலாம். ஆயினும் இடையில் நீர் வடிந்துவிட்டதா என்று பார்க்கக் கோல் ஒன்று கையிலிருக்கட்டும். எண்களைப் பிறர்க்குச் சொல்லும்போது 12 பாகை 24.5 கலை என்பதை 24 கலை 50 விகலை என்று மயங்கிவிடக் கூடாது. இரண்டுக்கும் இடையே அறுநூறு மீட்டர் உண்டு. பல கருவிகளில் அம்பு, படகு நகர்ந்தால்தான் திசை காட்டும், நின்றால் தடுமாறும். அதற்கென ஒரு காந்தத் திசைகாட்டியும் வேண்டும்.

அடுத்த வாரம் அதே படகுக்காரரோடு மீண்டும் சென்றோம். இம்முறை அவர் செல்லும் ஓடைகளையெல்லாம் கருவி பதிந்துகொண்டே வந்தது. கரையேறியதும் திரையில் தெரிந்த வளைந்த கோட்டை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது எங்கப்பா காட்டிக் குடுத்த வழி பாய்" என்றார்.

அவருடைய தந்தையார் காட்டிய வழி அவர் நினைவில் இருந்தது. நம் பாட்டனார்களின் முடிச்சுக் கயிறுகள் எங்கே? பழவேற்காடு முதல் காயல்பட்டினம் வரை, மரக்கலம் ஓட்டிய குடும்பங்களின் பரணில், பழைய மரப்பெட்டியில், உள்ளங்கையளவில் நடுவே துளையுள்ள பலகை ஏதேனும் கிடக்கலாம். வாசகர் இல்லங்களில் அப்படியொன்று அகப்படின் விறகோடு சேர்த்துவிட வேண்டா. கயிறும் உடனிருந்தால் முடிச்சுகளை அவிழ்க்காமல், பலகையிலிருந்து ஒவ்வொரு முடிச்சும் எத்தனை அங்குலத்தில் உள்ளதென அளந்து, பலகையின் உயரத்தையும் குறித்து நமக்கு எழுதுக. இவ்விரண்டு அளவும் இருந்தால், அவர்கள் எத்துறைகளுக்குச் சென்று வந்தார்கள் என்று கணித்துவிடலாம்.