முதல் பக்கத்தில் வந்த தீர்ப்பு

குற்றம் நிரூபிக்கப்படும் வரை ஒருவர் நிரபராதியே என்கிறது இலங்கை அரசியலமைப்பின் 13(5) ஆம் உறுப்புரை. உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்கு ஒரு மாதத்தின் பின், 2019 மே 23 அன்று, 'திவயின' நாளிதழ் அதுவரை காத்திருக்கவில்லை. முஸ்லிம் வைத்தியர் ஒருவர் 4,000 சிங்களப் பெண்களுக்குக் கருத்தடை செய்தாரென முதல் பக்கத்தில் எழுதியது. மறுநாள் குருநாகல் வைத்தியசாலையின் ஷாஃபி சிஹாப்தீன் கைதானார். 2015 பொதுத் தேர்தலில் போட்டியிட்டவர் என்பதால் ஊரறிந்த முகம். நூற்றுக்கணக்கான தாய்மார் முறைப்பாடு செய்தனர். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அந்தப் பயத்தை விதைத்ததே செய்திதான். ஆதாரமில்லை என ஜூனிலேயே குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றில் கூறியது. பிணையோ ஜூலை 25 அன்றுதான் கிடைத்தது. 2022இல் கைக்கு வந்த சம்பள நிலுவையை, தட்டுப்பாடாயிருந்த மருந்துகளை வாங்க அவர் சுகாதார அமைச்சிடமே கொடுத்துவிட்டார்.