தகைவும் திரிபும்: ஒரு கலைச்சொல் வரலாறு

சென்னையிலிருந்து வடக்கே கல்கத்தாவை நோக்கிச் செல்லும் பெருவழியில் செங்குன்றத்தைக் கடந்தால் சோழவரம் வரும். அவ்வழியே மேலும் சென்றால் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை. முன்னதற்குப் பெருமை தந்தது ஏரி. தாமரைப்பாக்கத்தில் கொசத்தலையாற்றின் குறுக்கே அணை கட்டி, அந்நீரைச் சோழவரம் ஏரி வழியாகச் செங்குன்றம் ஏரிக்குத் திருப்பிச் சென்னைக்குக் குடிநீர் தரும் திட்டம் 1872ஆம் ஆண்டில் நிறைவேறிற்று. பின்னதற்கு இக்காலத்தில் பெயர் தந்தவை இரும்புருக்காலைகளும் கம்பி உருட்டாலைகளும் ஆம். ஏரிக்கரை நீரின் அழுத்தத்தைத் தாங்குகின்றது. கம்பி கட்டடத்தின் பாரத்தைத் தாங்குகின்றது. தாங்குவது எவ்வாறு, தாங்கும்பொழுது அப்பொருள் எவ்வளவு மாறுகின்றது என்னும் இரண்டு வினாக்களே பொருள்களின் வலிமையியல் எனப்படும் துறைக்கு அடிப்படை. அவ்வினாக்களுக்குத் தமிழில் விடை கூறப் புகுந்தோர் இரண்டு சொற்களை ஆக்கிக்கொண்டனர். அச்சொற்களின் வரலாற்றையும் தகுதியையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொருளும் பெயரும்

ஒரு கம்பியை இழுக்கின்றோம். இழுக்கும் விசை புறத்தே உள்ளது. அதற்கு எதிராகக் கம்பியின் உள்ளே ஒரு விசை தோன்றி அதனைத் தடுத்து நிற்கின்றது. அவ்வுள்விசையைக் கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது தகைவு. இழுத்தமையால் கம்பி சிறிது நீள்கின்றது. அந்நீட்சியை முதல் நீளத்தால் வகுத்தால் கிடைப்பது திரிபு. தகைவுக்கு அலகு உண்டு. திரிபு வெறும் விகிதமாதலின் அதற்கு அலகு இல்லை.

தகைதல் என்னும் வினைக்குத் தடுத்தல், கட்டுதல் என்பன பொருள். ஆகவே தகைவு என்ற அளவில், புறத்தேயிருந்து வரும் விசை அன்று, உள்ளிருந்து தடுக்கும் விசையே கருதப்படுகின்றது என்பது சொல்லாலேயே விளங்கும். மாணாக்கர் பலர் புறவிசையையே தகைவு எனக் கொண்டு இடர்ப்படுவர். அவ்விடர்ப்பாட்டை நீக்கும் ஆற்றல் இச்சொல்லின் வேரிலேயே இருத்தல் காண்க.

மேலைநாட்டு வரலாறு

இக்கருத்துகள் மேலைநாட்டிலும் ஒரு நாளில் தெளிவு பெற்றன அல்ல. சுவரில் செருகிய உத்தரத்தின் நுனியில் பாரத்தைத் தொங்கவிட்டால் அது எப்பொழுது முறியும் என்னும் வினாவைக் கலீலியோ 1638ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் எழுப்பினார். நீட்சி எவ்வளவோ அவ்வளவே விசையும் என்னும் உண்மையை இராபர்ட் ஹூக் 1676ஆம் ஆண்டில் எழுத்துகளை இடம் மாற்றிய புதிராக மறைத்து வெளியிட்டு, 1678ஆம் ஆண்டில் விளக்கினார். தாமசு யங் 1807ஆம் ஆண்டு வெளிவந்த சொற்பொழிவுகளில், பின்னர்த் தம் பெயரால் வழங்கிய குணகத்தைப் பற்றிக் கூறினார். பொருளின் உள்ளே எப்புள்ளியிலும் எத்திசையிலும் தகைவை அளவிடும் கணித முறையை 1822ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் கோசி நிறுவினார்.

இத்துணைக்குப் பின்னும் ஆங்கிலத்தில் இவ்விரு கருத்துகளுக்கும் உரிய இரண்டு சொற்களும் ஒன்றற்கொன்று மயங்கியே வழங்கின. அவற்றுள் ஒன்றை உள்விசைக்கும் மற்றொன்றை வடிவ மாற்றத்துக்கும் வரையறுத்துத் தந்தவர் கிளாசுகோப் பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கிய இராங்கின். அது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிகழ்ந்தது. கருத்துத் தோன்றி இரண்டு நூற்றாண்டு கடந்த பின்னரே சொல் வரையறை பெற்றது என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

ஒரு கணக்கு

சொல்லின் தகுதியைக் கணக்கில் இட்டுப் பார்த்தல் நன்று. 16 மில்லிமீட்டர் விட்டமும் 3 மீட்டர் நீளமும் உள்ள எஃகுக் கம்பி ஒன்றை 40,000 நியூட்டன் விசையால் இழுப்பதாகக் கொள்வோம். அதன் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறத்தாழ 201 சதுர மில்லிமீட்டர். விசையைப் பரப்பால் வகுக்கத் தகைவு சதுர மில்லிமீட்டருக்கு 199 நியூட்டன் ஆகும். எஃகின் யங் குணகம் சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 2,00,000 நியூட்டன். தகைவை இதனால் வகுத்தால் திரிபு 0.000995. இதனை நீளமாகிய 3,000 மில்லிமீட்டரால் பெருக்கினால் கம்பியின் நீட்சி ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்.

கும்மிடிப்பூண்டிப் பகுதியில் உருட்டப்படும் கட்டடக் கம்பிகளுக்கு 500 என்னும் எண்ணைத் தரக்குறியாக வழங்குதல் பலரும் அறிந்தது. அவ்வெண் தகைவையே குறிக்கின்றது. சதுர மில்லிமீட்டருக்கு 500 நியூட்டன் அளவு வரை அக்கம்பி நிலையான நெகிழ்வுக்கு இடங்கொடாமல் நிற்றல் வேண்டும் என்பது அதன் பொருள். மேற்காட்டிய கம்பி அந்நிலையை எய்த ஏறத்தாழ 1,00,000 நியூட்டன், அஃதாவது பத்து டன் பாரம், வேண்டும். அவ்வெல்லைக்கு உட்பட்டு நின்றால், விசை நீங்கியவுடன் கம்பி தன் பழைய நீளத்தை அடையும். கடந்தால் பழைய நிலை மீளாது.

இருநாட்டு வழக்கு

இனி, இச்சொற்கள் தமிழில் வந்த வரலாற்றைக் காண்பாம். அறிவியலைத் தமிழில் கற்பிக்கும் முயற்சி ஈழத்தில் முற்பட்டது. மருத்துவர் கிரீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிற் பயிற்றிக் கலைச்சொற்களை ஆக்கினார். தமிழகத்தில் 1916ஆம் ஆண்டில் சேலத்தில் இராசகோபாலாச்சாரியாரும் வெங்கடசுப்பையரும் இம்முயற்சியைத் தொடங்கினர். 1936ஆம் ஆண்டு சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர் ஈழத்து விபுலாநந்த அடிகள். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் 1938ஆம் ஆண்டில் கலைச்சொற்கள் என்னும் தொகுதியை வெளியிட்டனர். இருநாட்டறிஞரும் ஓரவையில் இருந்து சொல்லாய்ந்த காலம் அது.

அதன்பின் வழிகள் பிரிந்தன. இலங்கையில் 1950களிலும் 1960களிலும் அறிவியற் பாடங்கள் தாய்மொழிக்கு மாறியபொழுது, அரசகரும மொழித் திணைக்களத்தார் தமக்கெனச் சொற்றொகுதிகளை வெளியிட்டனர். தமிழகத்தில் பாடநூல் ஆக்குவோர் தம் வழியே சென்றனர். விளைவு யாது? தமிழகத்து மாணாக்கர் தகைவு, திரிபு, யங் குணகம் எனப் பயில்கின்றனர். ஈழத்து மாணாக்கர் தகைப்பு, விகாரம், யங்கின் மட்டு எனப் பயில்கின்றனர். தகைவும் தகைப்பும் ஒரு வேரில் கிளைத்தமையால் இடர் இல்லை. திரிபும் விகாரமும் அவ்வாறு அல்ல. ஒருநாட்டு நூலை மற்றை நாட்டு மாணாக்கர் எடுத்தால் இவ்விடத்தில் திகைத்து நிற்பர்.

இலக்கணிகளின் திரிபு

இவ்வேறுபாடு தமிழ் இலக்கணம் பயின்றார்க்குப் புதியது அன்று. இரண்டு சொற்கள் புணருங்கால் நிகழும் மாற்றங்கள் அனைத்துக்கும் பொதுப்பெயராகத் தொல்காப்பியர் கொண்டது திரிபு. அதனை மெய்பிறிதாதல், மிகுதல், குன்றல் என மூவகைப்படுத்தினார். நன்னூலார் அப்பொதுப்பெயர்க்கு விகாரம் என்னும் வடசொல்லை ஆண்டு, தோன்றல், திரிதல், கெடுதல் என வகுத்தார். தொல்காப்பியத்தில் பொதுமைக்குப் பெயராய் நின்ற சொல், நன்னூலில் மூன்றனுள் ஒன்றற்கு மட்டும் பெயராயிற்று. ஆகவே, தமிழகத்துப் பாடநூல் தொல்காப்பிய வழக்கையும், ஈழத்துப் பாடநூல் நன்னூல் வழக்கையும் ஒத்து நிற்கின்றன எனலாம். சொற்களைத் தேர்ந்தோர் இதனைக் கருதியே தேர்ந்தனர் என்று யாம் கூறவில்லை. ஒப்புமை உளது என்பதே ஈண்டுக் கூறத்தக்கது.

அவ்வொப்புமை பெயரளவில் நின்றுவிடவில்லை. வாழை, பழம் என்னும் ஐந்தெழுத்து புணர்ந்து வாழைப்பழம் என ஆறெழுத்தாதல் மிகுதல். இது கம்பியின் நீட்சி போல்வது. மரம், வேர் என்பன மரவேர் என ஓரெழுத்துக் குறைதல் குன்றல். இது பாரத்தின் கீழ் நிற்கும் தூணின் குறுக்கம் போல்வது. பொன், குடம் என்பன பொற்குடம் ஆகுங்கால் எழுத்தின் தொகை மாறவில்லை, ஓரெழுத்தின் வடிவே மாறுகின்றது. இது சதுரக் கட்டையின் மேற்பக்கத்தைப் பக்கவாட்டில் தள்ளினால், கனவளவு மாறாது அது சாய்சதுரமாகும் சறுக்குத் திரிபு போல்வது.

மற்றும் ஒன்று. கம்பி நீளும்பொழுது அதன் விட்டம் சிறிது குறுகும். எஃகில் இவ்விரு திரிபுகளின் விகிதம் ஏறத்தாழ 0.3, இதனைப் பாய்சான் விகிதம் என்பர். மிகுதலும் குன்றலும் ஒருங்கு நிகழும் இந்நிலைக்கு, பனை, காய் என்பன ஐகாரம் கெட்டு அம் தோன்றிப் பனங்காய் ஆதலை உவமையாகக் காட்டலாம்.

தடையும் விடையும்

இங்கு ஒரு தடை எழும். பால் திரிந்தது என்கின்றோம். திரிந்த பால் மீண்டும் பாலாவதில்லை. உண்மையைத் திரித்தான் என்னுமிடத்தும் கேடே கருதப்படும். விசை நீங்கியவுடன் மீளும் மாற்றத்துக்குத் திரிபு என்னும் பெயர் பொருந்துமோ எனின், பொருந்தும் என்க. உலக வழக்கில் மீளாமை தோன்றினும், இலக்கண வழக்கில் திரிபு மீளும் இயல்பினது. பொற்குடத்தைப் பிரித்தால் பொன் தன் னகர ஒற்றுடன் மீண்டு வருகின்றது. வருமொழியின் சேர்க்கை உள்ளவரையே திரிபு உண்டு. சேர்க்கை நீங்கின் நிலைமொழி தன்னியல்பு எய்தும். இது மீட்சியுடைய பொருளின் ஒழுகலாறே ஆம்.

அங்ஙனமாயின், எல்லை கடந்து நிலைத்துவிட்ட மாற்றத்திற்கு இலக்கணத்தில் ஒப்பு உளதோ எனின், உளது. அதுவே மரூஉ. சோழநாடு சோணாடு என மருவிய பின், அச்சொல் அவ்வடிவிலேயே நிலைபெற்றுவிட்டது. சோழவரமும் ஆங்கிலேயர் ஏடுகளில் ஷோலவரம் ஆயிற்று. அங்கு இரண்டாம் உலகப்போர்க் காலத்து வானூர்தித் தளத்தில் பிற்காலத்தே நடந்த மோட்டார்ப் பந்தயங்களும் அவ்வடிவாலேயே பெயர் பெற்றன.

விகாரம் என்னும் சொல்லுக்கும் தடை உண்டு. அது பேச்சு வழக்கில் அழகின்மையைக் குறிக்கும். ஆயினும், இலக்கண மரபில் அதற்கு அக்குறை இல்லை. செய்யுள் விகாரங்களுள் நீட்டல், குறுக்கல் என்பன எண்ணப்படுதலும், இத்துறைக்கு அச்சொல் எத்துணை அணிமையது என்பதைக் காட்டும். ஆதலின், ஈழத்தார் வழக்கைப் பிழை என்று தள்ளுதல் முறையன்று.

இவ்வொப்புமைகளைக் கொண்டு, பண்டைத் தமிழர் வலிமையியலை அறிந்திருந்தனர் எனச் சாதிக்கப் புகுதல் ஆராய்ச்சி நெறிக்கு ஒவ்வாது. இலக்கணிகள் அளந்தது சொல்லை, விசையை அன்று. ஏரிக்கரையும் மதகும் கலிங்கும் அமைத்தோர் கைப்பழக்கத்தாலும் வழிவழி வந்த பட்டறிவாலும் அவற்றை அமைத்தனர். தகைவை எண்ணால் அளக்கும் முறை மேலைநாட்டில் 19ஆம் நூற்றாண்டில் உருவாயிற்று. நம் மொழிக்கு உரிய பெருமை வேறு. மாற்றம் என்பதை வகைப்படுத்தி நோக்கும் ஒழுங்கு அதன் இலக்கணத்தில் முன்னரே அமைந்திருந்தமையால், புதிய கருத்துக்கு இடம் தருதல் அதற்கு எளிதாயிற்று என்பதே அது.

முடிவுரை

2010ஆம் ஆண்டில் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியிற் கற்பிக்கத் தொடங்கிற்று. ஆகவே, தகைவும் திரிபும் பள்ளிப் பாடத்தளவில் நின்றுவிடும் சொற்கள் அல்ல. பாலமும் அணையும் கட்டுவோர் கையாள வேண்டிய கருவிகள். கருவி மழுங்கினால் கணக்கும் பிழைபடும்.

இது கருதி மூன்று செய்திகளைத் தமிழ்த்துறையினர் முன் வைக்கின்றோம். ஒன்று, திரிபு என்பதை விகிதத்துக்கே வரையறுத்து, மில்லிமீட்டரில் அளக்கப்படும் மாற்றத்தை உருமாற்றம் என வேறு பெயரால் வழங்குதல் வேண்டும். மேற்காட்டிய கணக்கில் 0.000995 திரிபு, 3 மில்லிமீட்டர் உருமாற்றம். இரண்டும் ஒரு பெயர் பெற்றால் இராங்கினுக்கு முன் ஆங்கிலத்தில் இருந்த மயக்கம் தமிழிலும் புகும். இரண்டு, இருநாட்டுப் பாடநூல்களும் மற்றை நாட்டு வழக்கை முதன்முறை சொல்லும் இடத்திலேனும் உடன் காட்டுதல் வேண்டும். ஒரு சொல்லைக் கைவிடுமாறு எந்நாட்டாரையும் வற்புறுத்த வேண்டுவதில்லை. தொல்காப்பியமும் நன்னூலும் பயில்வோர் ஈரிடத்துப் பெயரையும் அறிந்தே பயில்கின்றனர் அன்றோ? மூன்று, சொற்பட்டியல் தொகுப்பதோடு அமையாது, ஒவ்வொரு சொல்லையும் கணக்கில் இட்டுச் சோதித்தல் வேண்டும். இழுத்துப் பாராத கம்பியின் வலிமையை எவரும் அறியார். ஆண்டு பாராத சொல்லின் வலிமையும் அத்தன்மையதே.

இப்பணி பொறியியலாரால் மட்டும் முடிவதன்று. தமிழ் கற்றாரால் மட்டும் முடிவதும் அன்று. 1936ஆம் ஆண்டில் ஓரவையிற் கூடியது போல, இருதுறையாரும் இருநாட்டாரும் மீண்டும் ஒருங்கிருந்து ஆய்தல் வேண்டும்.